காலக்கெடு கடந்த பிறகு வரும் தகவல்

அரசு அலுவலகங்களிடம் தகவல் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு மறுப்புக் கடிதத்தைவிட அதிகம் பழக்கமானது மௌனம். மறுப்பு என்றால் அதில் சட்டப்பிரிவு குறிப்பிடப்பட வேண்டும், காரணம் எழுதப்பட வேண்டும், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரமும் இடம்பெற வேண்டும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லப்பட்ட காரணம் பொருந்தாது என்று ஒருவர் வாதிட முடியும். பதிலே வராதபோது அவர் எதை எதிர்த்து வாதிடுவார்? ஆகவேதான் தாமதத்தை நான் சோம்பலின் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணம் சொல்லும் கடமையிலிருந்து தப்பித்துக்கொண்ட மறுப்பு என்றே அதைக் கருதுகிறேன். சட்டம் மறுப்பதற்கு விதித்திருக்கும் அத்தனை நிபந்தனைகளையும் மௌனம் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது.

தகவல் உரிமையின் வரலாற்றைப் பார்த்தால், காலக்கெடு என்பது பிற்பாடு போராடிச் சேர்க்கப்பட்ட ஒன்று என்பது புரியும். 1766இல் சுவீடன் நிறைவேற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்தான் அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமையை உலகில் முதன்முதலாக எழுதிவைத்தது. அன்று சுவீடனின் பகுதியாக இருந்த பின்லாந்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்ற பாதிரியார் அதற்குப் பெரும் பங்காற்றினார். அமெரிக்காவில் ஜான் மாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் விடாமல் முயன்றதன் பலனாக, 1966 ஜூலை 4 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த மூலச் சட்டத்தில் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற வரையறையே இல்லை. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான்: உரிமை ஏட்டில் இருந்தது, ஆவணங்கள் அலமாரியில் இருந்தன. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974இல், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தியும் அதை மீறி, நாடாளுமன்றம் 10 வேலைநாள் என்ற கெடுவைக் கொண்டுவந்தது. 1996இல் அதுவே 20 வேலைநாளாக நீட்டப்பட்டது. நிலுவை பெருகியபோது கெடுவை நீட்டுவதுதான் தீர்வாகத் தெரிந்திருக்கிறது. நிலுவை அதனால் தீரவில்லை. 2023 நிதியாண்டின் முடிவில் அந்நாட்டின் மத்திய அரசுத் துறைகளில் கெடு கடந்து தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 2 லட்சத்துக்கும் மேல்.

இன்று தகவல் உரிமைச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு நாள்கணக்கை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 20 வேலைநாள், இந்தியாவில் 30 நாள், கனடாவில் 30 நாள், இலங்கையில் முடிவைத் தெரிவிக்க 14 வேலைநாள். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்தியச் சட்டமும் இலங்கைச் சட்டமும் சொல்கின்றன. இந்த எண்களைப் படிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். கெடு தவறினால் என்ன நடக்கும் என்ற அடுத்த கேள்விக்குத்தான் சட்டங்கள் தடுமாறுகின்றன.

தகவல் கேட்டு மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவதும், வந்த பதிலைப் படித்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வதும் பல ஆண்டுகளாக நான் விரும்பிச் செய்துவரும் வேலை. அதில் என்னை இன்றுவரை உறுத்துவது பதில் கிடைக்காமலே போன மனு அல்ல. முழுமையான பதில் கிடைத்த ஒரு மனு. ஒரு குடியிருப்புப் பகுதியில் நிலத்தடி நீரின் நிறம் மாறியிருந்தது. பக்கத்தில் இயங்கிய தொழிற்சாலையை விரிவாக்குவது பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பகுதி நீர் மாதிரிகளின் ஆய்வு முடிவுகளைக் கேட்டு அங்கிருந்தவர்கள் மனுப் போட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே சட்டப்படியான கெடு முடிந்துவிடும் என்பதை நாள்காட்டியில் சரிபார்த்துத்தான் மனு அனுப்பப்பட்டது. கெடு முடிந்தது. "தங்கள் மனு உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே ஒரு வரிக் கடிதம் வந்தது. கூட்டம் நடந்தது. ஆய்வு முடிவு எதுவும் கையில் இல்லாமல், தண்ணீர் கெட்டுவிட்டது என்று வாய்வார்த்தையாக அவர்கள் சொன்னதை அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, தடித்த உறை ஒன்று வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை நகல் என்ற முத்திரை, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், மூலையில் பச்சை நூல் கோத்துக் கட்டிய நேர்த்தி. கேட்ட எல்லாத் தகவலும் அதில் இருந்தது. ஆய்வறிக்கைகளின் தேதியோ, மனு போடுவதற்கும் முந்தைய தேதி. அதாவது அவர்கள் மனுவை அஞ்சலில் சேர்த்த நாளிலேயே அந்தத் தாள்கள் அலுவலகத்தில் தயாராக இருந்திருக்கின்றன.

பதிவேட்டின்படி அந்த மனு "தகவல் வழங்கப்பட்டது" என்ற பட்டியலில் சேரும். ஆண்டறிக்கையில் அது நிர்வாகத்தின் சாதனையாக எண்ணப்படும். தகவலுக்கு ஒரு ஆயுள் உண்டு என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டுவதில்லை. ஒப்பந்தப்புள்ளி முடிவாவதற்கு முன், தேர்தலுக்கு முன், முறையீட்டுக்கான நாள் கடப்பதற்கு முன், கட்டடம் எழும்புவதற்கு முன் என்று ஒவ்வொரு கேள்விக்கும் அதன் பதில் பயன்படும் காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலம் போன பிறகு வரும் ஆவணம் வரலாற்று ஆய்வாளருக்கு உதவலாம், கேட்டவருக்கு உதவாது. ஊடகவியலாளர்களும் இதை அறிவார்கள், அவர்களுக்குப் பதில் தரும் அலுவலர்களும் அறிவார்கள்.

தாமதம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஒரே இடத்தில் நிகழ்வதில்லை. முதலில், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி. மனுதாரர் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து எண்ணுகிறார். அலுவலகம் உரிய அலுவலரின் மேசைக்கு மனு வந்த நாளிலிருந்து எண்ணுகிறது. தபால் பிரிவிலிருந்து அந்த மேசைக்குப் போவதற்கே சில மனுக்கள் வாரக்கணக்கில் பயணிக்கின்றன. பிறகு, "இது எங்கள் அலுவலகம் சார்ந்தது அல்ல" என்று வேறு அலுவலகத்துக்கு மாற்றும் கடிதம். இந்தியச் சட்டம் இதற்கு 5 நாள்தான் தருகிறது. இருபத்தைந்தாம் நாளில் மாற்றப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, விளக்கம் கேட்பது. "தாங்கள் கோரும் தகவல் தெளிவாக இல்லை" என்ற வரி சில நேரங்களில் நியாயமானது; மனுதாரர்கள் உண்மையிலேயே குழப்பமாக எழுதுவதுண்டு. ஆனால் கோப்பு எண், தேதி, பக்கம் வரை குறிப்பிட்டுக் கேட்ட மனுவுக்கும் கெடு முடியும் தறுவாயில் அதே வரி வருகிறது என்றால், அங்கே தேவைப்பட்டது தெளிவு அல்ல, நாள். பல நாடுகளின் நடைமுறையில் விளக்கம் கேட்ட கணத்திலேயே நாள்கணக்கு நின்றுவிடும், அல்லது புதிதாகத் தொடங்கும்.

இன்னொன்று இருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் இருக்கும் தேதி கெடுவுக்குள் இருக்கும். உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை அதற்குப் பல நாள் கழித்து இருக்கும். கடிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிடும் மனுதாரர், மேல்முறையீட்டில் தாமதத்தை நிரூபிக்க வழியின்றி நிற்கிறார். ஆகவே உறையைக் கிழிக்காமல் ஓரமாகத் திறந்து, கடிதத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கும்படி எல்லோரிடமும் சொல்வேன். மின்னஞ்சலிலும் இணையதளத்திலும் விண்ணப்பிக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. அங்கே வேறு சிக்கல், "பரிசீலனையில்" என்ற ஒற்றைச் சொல் மாதக்கணக்கில் திரையில் மாறாமல் நிற்பது.

இவற்றையெல்லாம்விட அதிக நாளை விழுங்குவது ஒப்புதல். தகவலைத் தேடி எடுக்க ஒரு அலுவலருக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்திருக்கும். அதை வெளியே அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் கேட்பதற்கும், அவர் தனக்கு மேலே உள்ளவரிடம் கேட்பதற்கும், சட்டப்பிரிவின் கருத்தைப் பெறுவதற்கும், அமைச்சர் அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவிப்பதற்கும் ஆகும் நாள்தான் பெரிது. சட்டம் முடிவெடுக்கும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் ஒப்படைத்திருக்க, நடைமுறை அந்தப் பொறுப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டு போகிறது. சங்கடம் தரக்கூடிய தகவல் என்றால் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் கூடுதலாகத் தங்கும். அங்கே யாரும் வேண்டாம் என்று எழுதுவதில்லை, யாரும் சரி என்றும் எழுதுவதில்லை.

கெடுவைச் சட்டப்படியே நீட்டிக்கொள்ளும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று. அந்நாட்டுச் சட்டம் ஆவணங்கள் மிகுதியாக இருந்தாலோ பிற அமைப்புகளோடு கலந்தாலோசிக்க வேண்டியிருந்தாலோ 30 நாள் கெடுவை "நியாயமான" காலத்துக்கு நீட்டிக்க அனுமதிக்கிறது, உச்சவரம்பு சொல்லவில்லை. பாதுகாப்புத் துறை ஒரு விண்ணப்பத்துக்கு 1,110 நாள் நீட்டிப்பு எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கும் மேல். தகவல் ஆணையர் நீதிமன்றம் போனார். முதல்நிலை நீதிமன்றம், நீட்டிப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுப்பு என்று ஒன்று நிகழவில்லை, ஆகவே விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. மறுக்காமல் இருப்பதே பாதுகாப்பாகிவிட்டது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நியாயமற்ற நீட்டிப்பும் மறுப்பாகவே கருதப்படும், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். காத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் காட்டியாக வேண்டும் என்பதை அது நிலைநாட்டியது.

பிரிட்டன் சட்டத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பொதுநலன் எந்தப் பக்கம் கனக்கிறது என்று எடைபோட வேண்டிய விண்ணப்பங்களுக்கு 20 வேலைநாளுக்கு மேலும் நேரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டத்தில் திட்டமான எல்லை இல்லை. கூடுதலாக 20 வேலைநாளைத் தாண்டக் கூடாது என்பது தகவல் ஆணையர் அலுவலகத்தின் வழிகாட்டுதல் மட்டுமே. ஸ்காட்லாந்தின் தனிச் சட்டம் அந்த நீட்டிப்பையே தரவில்லை, அதனால் அங்கே நிர்வாகம் முடங்கிப் போய்விடவும் இல்லை. பிரிட்டனில் தாமதத்தின் இன்னொரு முகமான வழக்காடுதலைப் பார்க்க, இளவரசர் சார்லஸ் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களின் கதை போதும். 2005இல் கார்டியன் இதழின் செய்தியாளர் ராப் எவன்ஸ் அவற்றைக் கேட்டார். 2012இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே அட்டர்னி ஜெனரல் தன் தடை அதிகாரத்தால் அதைச் செல்லாததாக்கினார். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. மே மாதம் கடிதங்கள் வெளிவந்தன. இடையில் 2010இலேயே சட்டத்தைத் திருத்தி, மன்னரோடும் வாரிசுகளோடும் நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு முழு விலக்கு அளித்துவிட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் தர பத்தாண்டு எடுத்துக்கொண்ட அரசு, அதே கேள்வியை இனி யாரும் கேட்க முடியாதபடி சட்டத்தை மாற்ற அந்தப் பத்தாண்டில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. எல்லாத் தாமதமும் உள்நோக்கம் கொண்டதல்ல. தகவல் அலுவலர் என்ற பதவி பல இடங்களில் தனிப் பதவியே கிடையாது. ஏற்கெனவே ஒரு பிரிவைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்ட சுமை. எண்ணிடப்படாத கோப்புகள், அட்டவணை இல்லாத பதிவறை, அலுவலகம் இடம் மாறியபோது மூட்டையாகக் கட்டப்பட்டுப் பிரிக்கப்படாத ஆவணங்கள் ஆகியவற்றுக்கிடையே ஒரு தாளைத் தேடுபவரின் சிரமம் உண்மையானது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு அரசு தன் ஆவணங்களைத் தானே கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருக்கிறது என்றால், அந்தக் குறையின் விலையைக் குடிமகன் தன் நாள்களால் செலுத்த வேண்டும் என்பதை ஏற்க முடியாது. தானாக முன்வந்து வெளியிட வேண்டிய தகவல்களை இணையத்தில் ஒழுங்காக வெளியிட்டாலே பாதி மனுக்கள் வராது என்பதை அலுவலர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

கெடு தவறினால் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டங்கள் ஆறுதல் சொல்கின்றன. மேல்முறையீட்டிலும் வரிசை இருக்கிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள், மிஞ்சினால் 45 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கெடுவே வைக்கவில்லை. சட்டத்தின் மிகப்பெரிய குறை இது என்பது என் துணிபு. சதர்க் நாகரிக் சங்கதன் என்ற அமைப்பு திரட்டிய கணக்கின்படி, 2024 ஜூன் இறுதியில் மத்திய, மாநிலத் தகவல் ஆணையங்களில் தேங்கியிருந்த மேல்முறையீடுகளும் புகார்களும் 4 லட்சத்தைத் தாண்டின. ஆணையர் பணியிடங்களைக் காலியாக விடுவது இந்தத் தேக்கத்துக்கு முக்கியக் காரணம். காலியிடம் உருவாவதற்கு முன்பே நியமனப் பணியைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் அறிவுறுத்தியது. அதற்குப் பின்னும், 2020 மே மாதத்திலிருந்து ஜார்க்கண்ட் ஆணையம் ஆணையரே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் செயலற்றுக் கிடந்தது. அக்காலத்தில் அம்மாநிலத்தில் ஒரு அலுவலர் பதில் தராமல் இருந்தால், அவரைக் கேட்க ஆணையத்தில் ஆளே இல்லை.

எனவே கெடு தவறுவதற்கு உடனடி விளைவு ஒன்று, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தானாகவே நிகழ வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கான விதைகள் நடப்புச் சட்டங்களில் இருக்கின்றன. கெடு கடந்தால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுத் திருத்தம், கெடுவைத் தவறவிட்ட துறை ஆவணம் தேடும் கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை இழக்கும் என்றது. மெக்சிகோ 2002இல் இயற்றிய சட்டம் இன்னும் துணிச்சலாகச் சென்றது: கெடுவுக்குள் பதில் வரவில்லையென்றால் தகவல் தரச் சம்மதித்ததாகவே பொருள். பெரும்பாலான சட்டங்கள் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ளும்போது, அந்தச் சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. அந்நாட்டில் இந்த உரிமையைக் காத்துவந்த தன்னாட்சி அமைப்பே 2025இல் கலைக்கப்பட்டுவிட்டது என்பது வேதனையான செய்தி.

தண்டம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டம் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்தே வசூலிக்க வகைசெய்கிறது. ஆணையங்கள் இதை விதிக்கத் தயங்குகின்றன. விதிக்கும்போதும் அது பெரும்பாலும் கடைசி மேசையில் இருக்கும் இளநிலை அலுவலர்மீதுதான் விழுகிறது. கோப்பைத் தன் மேசையில் பிடித்து வைத்திருந்த மேலதிகாரி தப்பிவிடுகிறார். இத்தனைக்கும் அதே சட்டத்தின் 5(5) பிரிவு, தகவல் அலுவலர் யாருடைய உதவியை நாடினாரோ அவரையும் தகவல் அலுவலராகவே கருதிப் பொறுப்பாக்கலாம் என்று சொல்கிறது. உதவி கேட்டுக் குறிப்பு அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ளும் அலுவலர் தன்னையும் காத்துக்கொள்கிறார், மனுதாரருக்கும் நன்மை செய்கிறார்.

கெடு கடந்த மறுநாளே மேல்முறையீட்டை அனுப்பிவிடுங்கள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்ற நல்லெண்ணத்தை அலுவலகங்கள் பொருட்படுத்துவதில்லை. அதோடு நிறுத்தாமல் இரண்டாவது மனு ஒன்றையும் போடச் சொல்வேன். அது முதல் மனுவைப் பற்றிய மனு. இன்ன தேதியிட்ட என் விண்ணப்பம் எந்த நாளில் எந்த அலுவலரிடம் சென்றது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது, அந்த நாள்களில் அதன்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அவர்களுடைய பெயரும் பதவியும் என்ன, கோப்பின் குறிப்புத் தாள்களின் நகல் ஒன்று வேண்டும். இதற்குப் பதில் தரப் பதிவறையில் எதையும் தேட வேண்டியதில்லை, மூன்றாம் தரப்பைக் கேட்க வேண்டியதில்லை, யாருடைய கருத்தும் தேவையில்லை. குறிப்புத் தாளில் ஒவ்வொரு கையொப்பத்தின் கீழும் தேதி இருக்கிறது. இந்த இரண்டாவது மனு பதிவான சில நாளிலேயே முதல் மனுவுக்கான உறை வந்து சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.